துணை போன பிறகு: காகித வேலைகளும் ‘அவசரத் தொடர்பு’ கட்டமும்

இன்ஷூரன்ஸ் கிளெய்ம், பேங்க் கணக்கு, பென்ஷன் மாதிரியான பெரிய காகிதங்களுக்கு எப்படியும் யாராவது கூட வந்துவிடுவார்கள். பலரும் தடுக்கி நிற்பது அதற்கு அப்புறம்தான். ஐந்தாறு மாதம் கழித்து, பல்வலி என்று தனியாகப் போன கிளினிக்கில் ஒரு பக்க ஃபார்மை நீட்டுவார்கள். பெயர், வயது, முகவரி வரை பேனா தானாக ஓடும். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், உறவு, போன் எண்’ என்ற வரியில் அப்படியே நின்றுவிடும்.

அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. கை பழகிய பழக்கத்தில் இறந்தவரின் பெயரையே எழுதிவிட்டு வருபவர்களும் உண்டு. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்: ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு போகும்போது எடுக்க ஆள் இருக்காது.

சட்டமும் கட்டணமும் கெடு தேதியும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அந்தந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் மாறாத வேலைமுறை மட்டும் இங்கே.

ஒரு நோட்டு, ஒரு ஃபைல்

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் மாற்றங்கள் மனிதரை எவ்வளவு அழுத்துகின்றன என்று மதிப்பெண் போட்டு 43 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதில் முதல் வரி துணையின் மரணம். அதற்குத்தான் முழு 100 மதிப்பெண். ஆகவே சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோவதும், காலையில் யாரிடம் பேசினோம் என்பது மாலையில் நினைவில்லாமல் போவதும் உங்கள் குறை இல்லை. அந்த மறதியை நம்பி வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான். அதற்குத்தான் நோட்டு.

கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு போன் பேச்சுக்கும் ஒவ்வொரு அலுவலக விசிட்டுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதியும் நேரமும், பேசியவர் பெயர், கொடுத்த குறிப்பு எண், என்ன செய்வதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள். பக்கத்தின் ஓரத்தில் ‘நான்’ அல்லது ‘அவர்கள்’ என்று ஒரு சொல். அடுத்த அடி யார் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு அது. வாரம் ஒரு நாள் பக்கங்களைப் புரட்டினால், எங்கே நீங்கள் செய்ய வேண்டியது நிற்கிறது, எங்கே அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே அலுவலகத்தில் இன்று ஒருவர் ‘வாங்கிக்கொண்டோம்’ என்பார், அடுத்த வாரம் இன்னொருவர் ‘எங்களுக்கு எதுவும் வரவில்லையே’ என்பார். அந்த நேரத்தில் குறிப்பு எண்ணும் பெயரும்தான் பேசும்.

ஃபைலில் உறைகளாகப் பிரியுங்கள்: இறப்புச் சான்றிதழ் நகல்கள், இருவரின் அடையாள ஆவணங்கள், திருமணச் சான்றிதழ், பணம் சம்பந்தப்பட்டவை, வீடும் வண்டியும், பதில் கடிதங்கள். ஒரிஜினல்கள் இந்த ஃபைலில் இருக்கவே கூடாது. அவை வீட்டில் தனி உறையில் இருக்கட்டும். தினம் வெளியே போய்வருகிற ஃபைல் ஒரு நாள் ஆட்டோவிலோ பேருந்திலோ தங்கிவிடும். கொடுக்கும் ஒவ்வொரு ஜெராக்ஸின் மேலும் குறுக்காக ‘இன்ன பாலிசி கிளெய்முக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த நகலை வைத்து வேறு யாரும் வேறு எதற்கும் விண்ணப்பிப்பது கஷ்டமாகும்.

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதில் ஒரு பெரிய வேலை, அல்லது இரண்டு சின்ன வேலை. அலுவலகங்களுக்கான போனைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாலைக்குள் மனம் களைத்துவிடும், அந்தப் பக்கத்து ஆளும் களைத்திருப்பார். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஸ்பீக்கரில் பேசுங்கள். நீங்கள் பேச, அவர் எழுதட்டும்.

பேசுவதற்கு முன் ஒரு சீட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ‘என் கணவர் இன்ன தேதியில் காலமாகிவிட்டார். அவர் பெயரில் உள்ள கணக்கு விஷயமாகப் பேச வேண்டும். இறந்தவர்களின் கணக்குகளைப் பார்க்கும் பிரிவுக்கு இணைப்புக் கொடுங்கள்.’ மனைவியை இழந்தவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கும். முதலில் எடுப்பவரிடம் முழுக் கதையையும் சொல்லி, அவர் வேறொருவருக்கு மாற்றி, அங்கே மறுபடி சொல்லி நொந்துபோவதை இந்த மூன்று வாக்கியம் பாதியாகக் குறைக்கும். குரல் உடையும் நாளில் அப்படியே படித்துவிடலாம்.

சான்றிதழில் ஓர் எழுத்து

எல்லா வேலையும் இறப்புச் சான்றிதழில்தான் தொடங்குகிறது. அதில் வரும் ஒரு பிழை மற்ற எல்லாக் காகிதத்தையும் நிறுத்திவிடும். ஆகவே கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், அவருடைய அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்: பெயர், தகப்பனார் அல்லது துணையின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, முகவரி, அடையாள எண். அந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியது, பதிவேட்டில் ஏறிவிட்டால் தனி விண்ணப்பமாகிவிடும்.

அதிகமாகச் சிக்குவது பெயர்தான். பேங்கில் ‘எஸ். முருகன்’, இன்ஷூரன்ஸில் ‘முருகன் சுப்பையா’, வீட்டுப் பத்திரத்தில் ‘சு. முருகன்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நான்கு ஆள். அவர் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் முதலிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். இத்தனை பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்று சட்டப்படி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை எல்லா வடிவங்களையும் சேர்த்து ஒரே தடவை எழுதி வாங்கிக்கொண்டால், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக ஓட வேண்டியதில்லை.

சான்றளிக்கப்பட்ட நகல்களை முதல் தடவையே 10 அல்லது 12 வாங்கிவிடுங்கள். பேங்க், இன்ஷூரன்ஸ், வேலை பார்த்த இடம், பென்ஷன், சொத்துப் பதிவு, வண்டிப் பதிவு என்று கேட்கும் இடங்கள் வரிசையாக வரும். சில இடங்களில் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், சில இடங்களில் வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் ‘திரும்பக் கிடைக்குமா, ஸ்கேன் போதுமா’ என்று கேட்டுவிடுங்கள். போனில் ஒரு தெளிவான ஸ்கேனும் இருக்கட்டும். நிழல் விழாமல், நான்கு மூலையும் முத்திரையும் தெரிகிற மாதிரி.

எதை முதலில், எதைத் தொடவே கூடாது

தாமதித்தால் பணம் போகிற வேலைகள் முதல் இரண்டு வாரத்துக்கு. அவருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் அதில் ஒன்று. இறந்த பிறகும் கணக்கில் விழும் பணத்தைப் பின்னால் மொத்தமாகத் திரும்பக் கேட்பார்கள். செலவழித்துவிட்டிருந்தால் அது உங்கள் தலையில் கடனாக விடியும். அவருடைய வேலை வழியாக உங்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் இருந்தால், அது எந்தத் தேதியோடு முடிகிறது, சொந்தமாகக் கட்டித் தொடர முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டி அவர் பெயரில் இருந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலிசிதாரரே இல்லாதபோது விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகலாம்.

அடுத்தது ஆட்டோ டெபிட். பேங்குக்குத் தகவல் போனதும் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கை முடக்கிவிடுவார்கள். அந்தக் கணக்கிலிருந்துதான் மின்கட்டணமும், வீட்டுக் கடனும், உங்களுடைய இன்ஷூரன்ஸ் பிரீமியமும் போய்க்கொண்டிருந்திருக்கும். கணக்கு முடங்கியதும் எல்லாம் திரும்பும், அபராதம் ஏறும், பாலிசி காலாவதியாகும். எனவே கடைசி 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தானாகப் போன ஒவ்வொரு தொகையையும் கோடிடுங்கள். மூன்று மாத ஸ்டேட்மென்ட் போதாது. வருடத்துக்கு ஒரு தடவை போகும் பிரீமியமும் சந்தாவும் அதில் தெரியாது. நடக்க வேண்டியவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள், வேண்டாதவற்றை நிறுத்துங்கள்.

அவருடைய கிரெடிட் கார்டுக்கு இணைப்பாக உங்களுக்குக் கொடுத்த ஆட்-ஆன் கார்டு, முதன்மைக் கார்டோடு சேர்ந்து செத்துவிடும். கையில் அந்த ஒரு கார்டு மட்டும் இருப்பவர்கள், பேங்குக்குச் சொல்வதற்கு முன்பே தங்கள் பெயரில் தனிக் கணக்கும் கார்டும் வைத்துக்கொள்ளட்டும். ‘பின் நம்பர் தெரியுமே’ என்று அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்க வேண்டாம். உங்களுக்கே சேர வேண்டிய பணமாக இருந்தாலும், மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் அது திருட்டு போலத்தான் தெரியும். கடன்காரர்கள் போன் செய்தால், ‘எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்காமல் ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். இரங்கல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இல்லாத கடனைக் கேட்டுப் போன் செய்யும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். அறிவிப்பில் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் போடாமல் இருப்பது நல்லது.

தொடாமல் விட வேண்டியவற்றில் முதலாவது அவருடைய சிம். மாத வாடகை தண்டம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பேங்க், இமெயில், வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாக் கணக்கையும் மாற்றி முடிக்கும் வரை, குறைந்தது ஆறு மாதம், அந்த எண் உயிரோடு இருக்கட்டும். நிறுத்தினால் இன்னொரு விளைவும் உண்டு. போன் நிறுவனங்கள் நிறுத்திய எண்ணைச் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் பெயரோடு அந்த எண் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறதோ, அங்கிருந்து போகும் அழைப்பை முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார்.

போனின் லாக் தெரியாவிட்டால் ஊகித்து ஊகித்து எண்களைத் தட்டாதீர்கள். ஐபோனில் தப்பான முயற்சிகள் கூடக்கூடப் பூட்டு நீளும். 10 தடவை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஏற்பாட்டை அவர் போட்டு வைத்திருந்தால் படங்களும் போய்விடும். ஐஓஎஸ் 15.2 முதல் ஆப்பிளில் ‘லெகசி கான்டாக்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களைச் சேர்த்திருந்தால், அவர் விட்டுப்போன அணுகல் சாவியோடு இறப்புச் சான்றிதழையும் கொடுத்து அவருடைய ஆப்பிள் கணக்கில் உள்ளவற்றைப் பெறலாம். கூகுளில் அதே வேலையை ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ செய்கிறது. உங்கள் சொந்தக் கணக்குகளில் இந்த இரண்டையும் இந்த வாரமே போட்டுவிடலாம்.

வீட்டை விற்பது, கிடைத்த பணத்தை முதலீடு செய்வது, நகையைப் பிரிப்பது போன்றவற்றை ஒரு வருடம் ஒத்திப்போடுங்கள். அவசரப்படுத்துகிறவர்களுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும்.

நான்கு சொல், நான்கு அதிகாரம்

அவசரத் தொடர்பைப் பற்றிப் பேசும்போது பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். ‘அவன் பெயரைப் போட்டால் சொத்தெல்லாம் அவனுக்கா?’ என்று மற்ற பிள்ளைகள் முகம் சுளிப்பதும் இந்தக் குழப்பத்தால்தான். அவசரத் தொடர்பு என்பவர் போனை எடுத்து ஓடி வருபவர், அவ்வளவே. உங்கள் பணத்தின் மேலும் சிகிச்சை முடிவுகளின் மேலும் அந்தக் கட்டத்தால் அவருக்கு எந்த உரிமையும் வராது. நாமினி என்பவர், பேங்கோ இன்ஷூரன்ஸோ பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதற்காக எழுதப்படும் பெயர். வாரிசு யார் என்பதைச் சட்டமோ உயிலோ சொல்லும். நீங்கள் நினைவில்லாமல் கிடக்கும்போது அறுவை சிகிச்சைக்குச் சரி சொல்லும் மருத்துவப் பிரதிநிதியைத் தனிப் பத்திரத்தில் நியமிக்க வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதை அந்த நாட்டுச் சட்டம் சொல்லும். இந்த நான்கும் இதுவரை ஒரே ஆளாக இருந்ததால் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். இனி நான்கு பேராகவும் இருக்கலாம், தவறில்லை.

உங்கள் சொந்த பாலிசிகளிலும் கணக்குகளிலும் நாமினியாக இறந்தவர் பெயரே இருக்கும். அவருடைய காகிதங்களைப் பார்க்கிற மும்முரத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘என்னுடையவை’ என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். உயிலும் அந்தப் பக்கத்திலேயே வரும்.

யார் பெயர்?

அந்தக் கட்டத்தில் நெருக்கமானவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பாரா? அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியுமா? பதற்றத்தில் அழாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாரா? உங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறதா, அல்லது கொடுக்க மனம் வருமா? ஆளைத் தேர்ந்தெடுக்க இந்த நான்கு கேள்வி போதும். உயிருக்கு உயிரான மகள் பத்து மணி நேரம் பின்தங்கிய நேர வித்தியாசத்தில் இருந்தால், அவள் முதல் எண் ஆக முடியாது. எதிர் வீட்டுக்காரர் ஆகலாம்.

எனவே இரண்டு பேரை வையுங்கள். முதலாமவர் பக்கத்தில் இருப்பவர், ஓடி வருபவர். இரண்டாமவர் உங்களை நன்றாக அறிந்தவர், முடிவெடுக்க உதவுபவர், எங்கே இருந்தாலும் பரவாயில்லை. முதலாமவரிடம் இரண்டாமவர் எண்ணும், இரண்டாமவரிடம் முதலாமவர் எண்ணும் இருக்க வேண்டும். ஃபார்மில் ஒரே வரி இருந்தால் பக்கத்தில் இருப்பவரையே எழுதுங்கள். இருவரும் ஒரே வீட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டாம். குடும்பமே ஊருக்குப் போனால் இரண்டு எண்ணும் ஒன்றாக எட்டாமல் போகும். பயணக் காப்பீட்டு ஃபார்மில், கூடப் பயணம் செய்பவர் பெயரைப் போட வேண்டாம். விபத்து என்றால் அவரும் அதே வண்டியில்தான் இருப்பார்.

வயதான அம்மா அப்பாவின் பெயரையும் யோசித்துப் போடுங்கள். அந்தச் செய்தியை முதலில் கேட்கிற ஆளாக அவர்கள் இருப்பது அவர்கள் உடம்புக்கே ஆகாது. 18 வயது நிரம்பாத பிள்ளை வீட்டில் எவ்வளவு பொறுப்பாக இருந்தாலும் அந்தக் கட்டம் அதற்கு இல்லை.

பெயரை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும். ‘உன் பேரைப் போட்டிருக்கேன்’ என்று பிறகு சொல்வது சரிப்படாது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இப்படிக் கேட்கலாம்: ‘அக்கா, ஃபார்ம்ல அவசரத்துக்குக் கூப்பிடன்னு ஒரு பேர் கேக்குறாங்க. உங்க பேரைப் போடலாமா? எனக்கு ஏதாவதுன்னா ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்குப் போன் வரும். வந்து, என் பொண்ணுக்குத் தகவல் சொல்லி, அவ வர்ற வரைக்கும் கூட இருந்தா போதும். பணம், கையெழுத்து எதுவும் உங்க பொறுப்பில்ல. முடியாதுன்னாலும் சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.’ எல்லை தெரிந்தால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். தயங்குகிறவரை வற்புறுத்தாதீர்கள். சம்மதித்துவிட்டு எடுக்காமல் போவதைவிட இப்போது மறுப்பது நல்லது. பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை: ‘தூரத்தைப் பார்த்துத்தான் அவங்க பேரை முதல்ல போட்டேன்.’ இதைச் சொல்லாமல் விட்டால், தங்களை ஒதுக்கிவிட்டதாகப் பிள்ளைகள் வேறு யார் வழியாவது கேட்டு வருத்தப்படுவார்கள்.

சம்மதித்தவரின் போனில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியைப் பலர் போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் எண்ணை அவர் சேமித்து வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரி தன் லேண்ட்லைனிலிருந்து அழைக்கும். அந்த வசதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், தவறிய அழைப்பில் தெரியாத எண் இரண்டு தடவை அடுத்தடுத்து இருந்தால் திருப்பி அழைப்பது என்றாவது பேசிக்கொள்ளுங்கள். பிறகு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவரிடம் சேமிக்கப்படாத ஒரு போனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். பரவாயில்லை.

பழைய பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள்

புதுப் பெயர் முடிவானதும் பழையதைத் தேடிப் போய் மாற்ற வேண்டும். முதலில் உங்கள் சொந்தப் போன். 2005இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற பாராமெடிக், போன் பட்டியலில் அவசரத் தொடர்பை ‘ஐசிஇ’ (‘இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி’, அதாவது அவசரம் என்றால்) என்ற மூன்று எழுத்தோடு சேமித்து வைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்கள் யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது என்பது கணக்கு. அது பூட்டில்லாத போன்களின் காலம். இன்று பூட்டிய போனில் உங்கள் பட்டியலை யாரும் திறக்க முடியாது. எனவே லாக் ஸ்கிரீனிலேயே தெரிகிற மாதிரி போட வேண்டும்.

ஐபோனில் ஹெல்த் ஆப்பைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘மெடிக்கல் ஐடி’க்குள் போய் எடிட் செய்யுங்கள். பழைய பெயரை நீக்கி இரண்டு புதிய பெயரையும் சேர்த்து, பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற பொத்தானை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’ என்று தேடினால் இதே விவரங்கள் வரும். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். முடித்ததும் போனைப் பூட்டி, லாக் ஸ்கிரீனில் ‘எமர்ஜென்சி’யைத் தொட்டு, விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஐபோனில் அவசர அழைப்பு வசதியைப் பயன்படுத்தினால், அழைப்பு முடிந்ததும் நீங்கள் இருக்கும் இடம் இந்தத் தொடர்புகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். பழைய எண்ணே இருந்தால் அது அலமாரியில் கிடக்கும் போனுக்குத்தான் போகும். கீழே விழுந்தால் தானே தகவல் அனுப்பும் கடிகாரம் கட்டியிருப்பவர்கள் அதன் தொடர்புகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு வெளியே: வேலை பார்க்கும் இடத்தின் மனிதவளப் பிரிவு, வழக்கமாகப் போகும் டாக்டர், பல் மருத்துவர், கண் மருத்துவர், ரத்தப் பரிசோதனை நிலையம், அடுக்குமாடிச் சங்கமும் வாட்ச்மேன் நோட்டும், ஜிம், பயணக் காப்பீடு, பாஸ்போர்ட்டில் அதற்கென்று பக்கம் இருந்தால் அது, இமெயிலின் மீட்பு எண். பிள்ளைகளின் பள்ளியில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். பெற்றோர் தொடர்பு ஒன்று, பிள்ளையை அழைத்துப் போக அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியல் இன்னொன்று. இது வேறு பதிவேட்டில் இருக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள். உங்களுக்கே உடம்பு முடியாத நாளில் பிள்ளையை அழைத்து வர ஆள் வேண்டுமே. மாமா சித்தி என்று வாய்ச்சொல்லில் விட்டால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதுதான் சரியும்கூட.

எல்லா இடத்துக்கும் நேரில் போக வேண்டியதில்லை. இரண்டு வரிக் கடிதம் ஒன்றைத் தயார் செய்து இமெயிலில் அனுப்பலாம்: பழைய பெயரையும் எண்ணையும் நீக்கவும், புதிய பெயர், உறவு, எண் இவை, மாற்றியதும் பதில் அனுப்பவும். ‘சேர்க்கவும்’ என்று மட்டும் எழுதினால் பழையது முதல் வரியிலேயே கிடக்கும். ‘நீக்கவும்’ என்ற சொல் இருக்க வேண்டும்.

‘உறவு’ கட்டத்தில் தோழி, பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர் என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். அக்கா என்று கூப்பிடுகிறோம் என்பதற்காகச் சகோதரி என்று எழுதிவிட்டால், ஆஸ்பத்திரியில் ரத்த உறவு என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பார்கள், குழப்பம் அங்கே தொடங்கும். திருமண நிலை கட்டத்துக்கும் இதே கணக்கு. சட்டம், பணம், பென்ஷன் சம்பந்தப்பட்ட ஃபார்மில் துணையை இழந்தவர் என்ற கட்டத்தைத்தான் டிக் செய்ய வேண்டும், உரிமைகள் அதைப் பொறுத்தே வரும். தள்ளுபடி அட்டைக்கும் ஜிம்முக்கும் அது தேவையே இல்லை. அங்கே வெறுமையாக விட்டுவிடலாம்.

ஒரு பக்கத் தாள்

தொடர்பாக இருக்கச் சம்மதித்த இருவருக்கும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் கொடுங்கள். உங்கள் முழுப் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, பிறந்த தேதி, தினம் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராமும் நேரமும், ஒத்துக்கொள்ளாத மருந்து, இருக்கிற நோய்கள், செய்த அறுவை சிகிச்சைகள், வழக்கமான டாக்டரின் பெயரும் எண்ணும், இன்ஷூரன்ஸ் எண், மற்ற தொடர்பாளரின் எண், மருத்துவப் பத்திரம் எழுதியிருந்தால் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது. ‘சர்க்கரை மாத்திரை’, ‘வெள்ளை மாத்திரை’ என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது. அட்டையைப் பார்த்து எழுதுங்கள். பேங்க் எண்ணும் பாஸ்வேர்டும் இந்தத் தாளில் வரக் கூடாது. ஒரு நகல் உங்கள் பர்ஸில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில். மாத்திரை மாறினால் எல்லா நகலும் மாற வேண்டும். மூலையில் தேதி போட்டால்தான் எது புதியது என்று தெரியும்.

யாருமே இல்லை என்றால்

பிள்ளைகள் இல்லை, உறவு விட்டுப்போயிற்று, புது இடம். இப்படி இருப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். இதே நிலையில் உள்ள ஒருவரோடு பரஸ்பரம் ஏற்பாடு செய்துகொள்வதுதான் நடைமுறையில் நன்றாக ஓடுகிறது. அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். ஒருவர் மட்டும் உதவி கேட்கும் கூச்சம் இதில் இல்லை. தினம் காலை எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, வெறும் ‘வணக்கம்’ போதும். ஒன்பதுக்குள் வரவில்லையென்றால் ஒரு போன், பத்து நிமிடத்தில் இன்னொரு போன், எடுக்கவில்லையென்றால் நேரில் அல்லது வாட்ச்மேனை அனுப்பிக் கதவைத் தட்டுவது. வரிசையை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ‘தூங்கிக்கொண்டிருப்பாரோ, தொந்தரவு செய்கிறோமோ’ என்ற தயக்கத்தில் மதியம் வரை காத்திருப்பதுதான் இதில் நடக்கிற தவறு. வெளியூர் போகிற நாள்களை முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை வீண் பதற்றம் வந்தால் மூன்றாம் தடவை யாரும் ஓடி வரமாட்டார்கள்.

தனியாக வாழ்பவர்கள் கதவின் உள்தாழ்ப்பாளையும் யோசிக்க வேண்டும். மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தால், மற்றவரிடம் சாவி இருந்தும் கதவை உடைக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றை மாற்றிப் போடுவது ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை.